ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் போடவேண்டுமா? பழைய பொக்ஸ்டர் தேடும் உப்புவெளித் தம்பிக்கு

உப்புவெளியில் இருந்து கேட்டிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நெடுநாளாகத் தேடி, கொழும்பில் 2001ஆம் ஆண்டு போர்ஷே பொக்ஸ்டர் ஒன்றை, அதாவது கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, கண்டிருக்கிறார். 2.7 லீற்றர் எஞ்சின், மனுவல் கியர், மீற்றரில் 68,000 கிலோமீற்றர். இதுவரை படங்களை மட்டுமே பார்த்திருக்கிறார். விற்பவர், "இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் போட்டால் கார் உங்களுக்கு" என்கிறார். சேமிப்பு முழுவதும் அந்த விலைக்குச் சரியாக இருக்கிறதாம். கேட்கும் விலை நியாயமா என்றுதான் கேள்வி முடிகிறது. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அவரை உறங்கவிடாமல் வைத்திருப்பது விலை அல்ல. இதை விட்டால் இன்னொன்று கிடைக்குமா என்ற பயம். நான் அந்தப் பயத்துக்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

வளைகுடா நாடொன்றில் ஐரோப்பியக் கார்களை மட்டுமே பார்க்கும் கராஜில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது திருகோணமலையில் சொந்தக் கராஜ் நடத்துகிறேன். கார் வாங்கப் போகிறவர்களுக்காகக் கொழும்பு, நீர்கொழும்பு, கண்டி என்று போய்ப் பரிசோதித்துக் கொடுப்பதும் என் தொழிலின் ஒரு பகுதி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கண்கலங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், பத்து வருடம் ஆகியும் சாவியை எடுக்கும்போது முகம் மலர்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்களைப் பிரித்தது பணத்தின் அளவு என்று நான் நினைக்கவில்லை. வாங்குவதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்பதே பெரும்பாலும் வித்தியாசமாக இருந்தது.

முதலில் பயத்தின் நியாயமான பக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கையில் இத்தகைய கார்கள் குறைவு என்பது உண்மை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும், உற்பத்தியாகிச் சில ஆண்டுகளே ஆன கார்களைத்தான் கொண்டுவர விதி இடமளிக்கிறது. ஆகவே 2001ஆம் ஆண்டுப் பொக்ஸ்டர் இனிக் கப்பலில் வந்து இறங்கப் போவதில்லை. நாட்டுக்குள் இருப்பவை எத்தனையோ அத்தனைதான். விபத்தில் சிக்கியும் உதிரிப்பாகத்துக்காகக் கழற்றப்பட்டும் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டு போகும். "பொறுத்திருங்கள், நாளைக்கு வேறொன்று வரும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் இருப்பவர் ஒரே வாரத்தில் பல பொக்ஸ்டர்களைப் பார்த்து ஒப்பிடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் இதே நிலைமை விற்பவரையும் பிடித்திருக்கிறது. இருபத்தைந்து வருடப் பழைமையான, இரண்டே இருக்கை கொண்ட, பராமரிப்புச் செலவு எல்லோருக்கும் அச்சம் தருகிற காரை முழுப் பணமும் கையில் வைத்துக்கொண்டு வாங்க வருபவர் எத்தனை பேர்? இவ்வளவு பழைய காருக்கு லீசிங் நிறுவனங்கள் எளிதில் பணம் கொடுப்பதில்லை. குடும்பக் காராகவும் அது பயன்படாது. விற்பனை விளம்பரங்களைத் தொடர்ந்து கவனித்து வந்தால், இந்த வகைக் கார்கள் மாதக்கணக்கில் அதே படங்களோடு கிடப்பதையும், நடுவில் விலை மாறுவதையும், சில வேளை விற்றுவிட்டதாகச் சொன்ன கார் சிறிது காலத்தில் வேறொருவர் பெயரில் திரும்பி வருவதையும் பார்ப்பீர்கள். அந்த இரண்டு பேர் உண்மையிலேயே இருக்கிறார்களா என்பதை நானோ நீங்களோ அறிய வழியில்லை. இருக்கலாம். ஆனால் பரிசோதனைக்கு அரைநாள் அவகாசம் தராமல் முற்பணம் மட்டும் கேட்கும் விற்பவரிடம் நான் யாரையும் பணம் கட்ட விட்டதில்லை. நல்ல காரை வைத்திருப்பவர் அதை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்னால் பெருமையோடு கொண்டுவந்து காட்டுவார். இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பொறுமை என்றவுடன் பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் அப்படிக் காத்திருப்பதால் பயன் எதுவும் இல்லை. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஏழாம் மாதம் ஒரு காரைக் கண்டவுடன் தடுமாறுகிறவர், முதல் நாளே தடுமாறியிருக்கலாம். காத்திருக்கும் காலம் வேலை செய்யும் காலம். எந்தக் காரை வாங்கப் போகிறீர்களோ அதன் பலவீனங்களை மனப்பாடமாக அறிந்துகொள்வது, நல்ல நிலையில் உள்ள ஒன்றையாவது ஓட்டிப் பார்ப்பது, அதைத் திருத்தத் தெரிந்தவர் நாட்டில் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து அவரோடு பேசிவைப்பது, உதிரிப்பாகங்களின் விலையை விசாரித்து எழுதிவைப்பது, திருத்தச் செலவுக்குத் தனியாகப் பணம் சேர்ப்பது. இவை முடிந்திருந்தால் சரியான கார் வரும்போது இரண்டே நாளில் முடிவெடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கெடுகூட அப்போது உங்களை அசைக்காது, ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருப்பீர்கள்.

நல்ல நிலையில் உள்ள ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஏறும் பொக்ஸ்டர் எந்த நிலையில் இருந்தாலும் அற்புதமாகத்தான் தோன்றும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் முழங்குகிறது, கூரை திறந்திருக்கிறது, அந்த நேரத்தில் முன்சக்கரப் பக்கம் கேட்கும் 'டக் டக்' ஓசை தேய்ந்துபோன சஸ்பென்ஷனிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தோன்றும்? நன்றாக இருக்கும் காரின் ஸ்டியரிங் எப்படி இருக்கும், கிளச் எந்த உயரத்தில் பிடிக்கும், மூன்றாம் கியருக்கு மாற்றும்போது கை என்ன உணரும் என்று தெரிந்தால்தான் கெட்டது கெட்டதாகத் தெரியும். வாங்கும் எண்ணம் இல்லாத காரையும் அதன் உரிமையாளர் அனுமதித்தால் போய்ப் பாருங்கள். இத்தகைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் மகிழ்ச்சியடைகிறவர்கள். அடுத்து விற்கப்போகும் நல்ல கார் எது என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மிக நல்ல கார்கள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை, அறிந்தவர்களுக்குள்ளேயே கைமாறிவிடுகின்றன.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன். 986 என்று அழைக்கப்படும் இந்த முதல் தலைமுறைப் பொக்ஸ்டர் 1996 முதல் 2004 வரை உற்பத்தியானது. இதன் எஞ்சினுக்குள் இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளின் சங்கிலிகளுக்குச் சுழற்சியைக் கடத்துவது அதன் வேலை. அதன் கியர்பொக்ஸ் பக்க முனையைத் தாங்கும் பியரிங்தான் இந்தக் காரின் பேர்போன பலவீனம். தொடக்ககாலக் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பியரிங் இருந்தது. 2000ஆம் ஆண்டளவில் அதை ஒற்றை வரிசையாக மாற்றினார்கள், அது முன்னையதைவிடப் பலவீனமானது. நீங்கள் பார்க்கும் 2001 கார் இந்த இரண்டாம் வகைக்குள் வருவதற்கே வாய்ப்பு அதிகம். பியரிங் உடைந்தால் சங்கிலி நேரம் தவறி வால்வுகள் பிஸ்டனில் மோதும். அத்தோடு எஞ்சின் முடிந்தது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பலவீனம் உண்மையானது, எல்லாக் கார்களிலும் அது உடைவதில்லை, உடையாமல் நெடுந்தூரம் ஓடிய கார்கள் ஏராளம். உங்கள் காரில் அது நாளைக்கு உடையுமா என்று எஞ்சினைத் திறக்காமல் எவராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

ஆனால் அறிகுறி தேடலாம். ஒயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்க்க வேண்டும். உலோகத் துகள் மினுங்கினாலோ, கறுத்த பிளாஸ்டிக் துணுக்குகள் அளவுக்கு மீறி இருந்தாலோ அந்தக் காரை விட்டுவிடுங்கள். கிளச் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். கிளச் மாற்றுவதற்குக் கியர்பொக்ஸை இறக்கியே ஆகவேண்டும்; அப்போது இந்த பியரிங்கையும் பின்பக்க கிராங்க் சீலையும் சேர்த்து மாற்றிவிடுவது விஷயமறிந்த உரிமையாளர்கள் செய்வது. அப்படி மாற்றியதற்கான ரசீதும் பாகத்தின் பெயரும் இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். வாய்ச்சொல் மட்டும் இருந்தால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் கசிவு ஈரமாகத் தெரிந்தால் அதைக் கண்டு ஓடவேண்டாம். இந்த எஞ்சின்களில் அது சாதாரணம். கியர்பொக்ஸ் இறங்கும் நாளில் சரிசெய்யலாம், விலை பேசவும் உதவும்.

மீற்றரில் உள்ள 68,000 உண்மையா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. இந்த ஆண்டுக் காரின் எஞ்சின் கணினி தான் மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதைப் பதிந்துவைத்திருக்கும். போர்ஷேவுக்குரிய கணினிக் கருவி உள்ள கராஜில் அதை வாசிக்கலாம். கிலோமீற்றரை மணித்தியாலத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 3,000 மணித்தியாலம் என்று காட்டினால் சராசரி மணிக்கு 23 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கொழும்பு நெரிசலில் வாழ்ந்த காருக்கு அது நம்பக்கூடியது. 6,000 என்று காட்டினால் சராசரி 11தான். எந்த நெரிசலிலும் ஒரு கார் வாழ்நாள் முழுக்க அப்படி ஊர்ந்திருப்பது அரிது, மீற்றரில் கைவைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். தவறான கியருக்கு மாற்றி எஞ்சினை அளவுக்கு மீறிச் சுழலவிட்ட தடயங்களும் அதே பதிவில் இருக்கும்.

உடலைப் பற்றிப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். "பழைய கார்தானே, கொஞ்சம் துரு இருக்கும்" என்று விற்பவர் சொன்னால் கவனமாகுங்கள். இந்தக் காரின் உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய உருக்கு. அடிபடாத பலகையில் வண்ணத்துக்கு அடியில் துரு கொப்புளிப்பது அரிது. கொப்புளம் இருந்தால் அந்த இடம் எப்போதோ அடிபட்டுத் தட்டி நிமிர்த்தப்பட்டதா என்று கேட்க வேண்டும். வண்ணத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவியைக் கொண்டுபோங்கள். தொழிற்சாலை வண்ணம் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும். ஒரு கதவு மட்டும் 500 காட்டினால் அதற்கடியில் புட்டி இருக்கிறது. மறுபுறம் பிறேக் குழாய்கள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், சைலன்சர் பிடிகள் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் வீடு உப்புவெளியில் என்பதால் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களுக்கு அடியில் படுத்து வேலை செய்பவன் நான். உப்புக்காற்று ஒரு போல்ட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். காரை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். காற்றோட்டம் உள்ள மூடிய கொட்டகை வேண்டும். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளே தங்கி நிலைமை மோசமாகும்.

எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேற்றர்கள் முன்பம்பருக்குள் இருபுறமும் இருக்கின்றன. காற்று நுழையும் வாய்கள் திறந்தே கிடப்பதால் சருகும் மணலும் புகுந்து, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் அடைந்து, ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். டோர்ச் வெளிச்சத்தில் அந்த வாய்களுக்குள் பாருங்கள். குப்பை நிறைந்திருந்தால் காரை வைத்திருந்தவர் எவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. பின்டிக்கிக் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாகவும் இனிப்பு வாடையாகவும் இருந்தால் அங்கே உள்ள கூலன்ட் தொட்டி வெடித்திருக்கலாம். துணிக்கூரையின் மழைநீர் வடியும் துளைகள் அடைபட்டால் நீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டியை நனைக்கும். அதற்குப் பிறகு கார் சாவியை அடையாளம் காணாது, ஸ்டார்ட் ஆகாது. கொழும்பில் தப்பித்துவந்த கார் நமது வடகீழ்ப் பருவமழையின் முதல் வாரத்திலேயே நின்றுபோகக் காரணம் பல தடவை இதுதான். இருக்கையின் அடியில் கையைவிட்டுக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். 2001 காரின் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது, நமது வெயிலில் மஞ்சளித்து மங்கும். அது பெரிய குறையல்ல.

என் அனுபவத்தில் மிக முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, இலங்கையில் விற்கப்படும் எந்தப் பழைய காருக்கும் அது பொருந்தும். 2020இலிருந்து 2023 வரை இந்தக் கார் என்ன செய்தது? ஊரடங்கில் கொட்டகைக்குள் நின்றவை எத்தனை! அதைத் தொடர்ந்து 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது, கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற கட்டுப்பாடு வந்தது. வீட்டில் இரண்டாவது கார் உள்ளவர்கள் ஸ்போர்ட்ஸ் காருக்கா அந்தப் பெற்றோலை ஊற்றியிருப்பார்கள்? அது நின்றது. ரூபாயின் பெறுமதி சரிந்து, வெளிநாட்டு உதிரிப்பாகத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே செய்ய வேண்டிய பராமரிப்பு தள்ளிப்போடப்பட்டது, அல்லது கிடைத்த மலிவுப் பாகத்தைப் போட்டுச் சமாளித்தார்கள். நீண்ட நாள் நின்ற காரில் ரப்பர் சீல்கள் உலர்கின்றன, தொட்டிக்குள் பெற்றோல் கெடுகிறது, பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, எலி வயரைக் கடிக்கிறது, டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகிறது. மீற்றரில் எண் ஏறவே இல்லை என்பதால் விளம்பரத்தில் 'குறைந்த கிலோமீற்றர்' என்று அழகாக எழுதிவிடுவார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றராவது ஓடி, வருடத்துக்கொரு தடவை ஒயில் மாற்றிய ரசீதோடு வரும் 1,20,000 கிலோமீற்றர் காரை, நான்கு வருடம் தூங்கிய 68,000 கிலோமீற்றர் காரைவிட மேலாக நான் மதிக்கிறேன். அந்தக் காலத்துக்குரிய ரசீதுகளைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அழகாக மினுங்கும் காருக்கு எட்டு வயது டயர் இருந்தால், ஓட்டவும் இல்லை, செலவழிக்கவும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

ஆவணங்களில் அவசரம் கூடவே கூடாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, அந்த வாகனத்தின் விபரங்களைப் பெறலாம். அதில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். செசி இலக்கம் மொத்தம் பதினேழு எழுத்து. 7ஆம், 8ஆம் இடங்களில் 98, 12ஆம் இடத்தில் 6 என்று வருவது இந்த மாடலுக்குரிய அடையாளம். 10ஆம் இடத்தில் 1 இருந்தால் 2001 மாடல் ஆண்டு. முன்கண்ணாடிக்கு அடியில் தெரியும் இலக்கமும் முன்டிக்கிக்குள் உலோகத்தில் பொறித்த இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ புது வண்ணமோ கூடாது. பதிவு செய்த உரிமையாளர் ஒருவராகவும், பணம் கட்டி முடியும்வரை காரின் மீது முழு உரிமை வைத்திருப்பது ஒரு லீசிங் நிறுவனமாகவும் இருக்கலாம். அந்த உரிமை நீக்கப்பட்டதா என்று எழுத்தில் பாருங்கள். விற்பவரின் பெயரில் கார் இல்லாமல், முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்டுத் திகதி போடாமல் விட்ட உரிமை மாற்றப் படிவங்களை மட்டும் காட்டுகிறார் என்றால் நான் அந்தக் காரைத் தொடமாட்டேன். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருடந்தோறும் தொடர்ச்சியாக எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இடைவெளி விழுந்த ஆண்டுகள் கார் நின்ற ஆண்டுகளாக இருக்கலாம்.

சேமிப்பு முழுவதும் விலைக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, தம்பி, உங்கள் கேள்வியில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான். வாங்கும் விலையில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு தனியாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இது கணக்குப் போட்டு வந்த விதியல்ல, கராஜில் நின்று பார்த்ததால் வந்த அபிப்பிராயம். நல்ல காருக்கே முதலாவது ஆண்டில் டயர், எல்லா ஒயில்களும், பற்றரி, கூலன்ட் குழாய்கள், சஸ்பென்ஷன் ரப்பர்கள் என்று செலவு வரும். கிளச்சோடு பியரிங் மாற்றுவதானால் அது தனிச் செலவு. பாகங்களைப் போர்ஷே பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பொஷ், சாக்ஸ் போன்ற, அவர்களுக்கே பாகம் செய்து கொடுத்த நிறுவனங்களின் பெட்டியில் அதே தரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்து சுங்கத்தைத் தாண்டி உங்கள் கைக்குச் சேர நாளாகும். திருகோணமலையில் இருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பெரிய திருத்தம் என்றால் காரை லொறியில் ஏற்றி அனுப்பும் செலவும் உண்டு. கையில் ஒன்றும் மிஞ்சாமல் வாங்கினால், முதலாவது பழுதோடு கார் கொட்டகைக்குள் போய்விடும். அங்கே நின்று கெட்டு, அடுத்தவருக்கு 'குறைந்த கிலோமீற்றர்' காராக விற்கப்படும்.

நமது வீதிகளிலும் இந்தக் காரோடு வாழலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேகத்தடைகளில் சரிவாக ஏறி இறங்கப் பழகவேண்டும். நகருக்குள் இரவில் மான்களும் மாடுகளும் வீதியில் படுத்திருக்கும், கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானை கடக்கும். ஆகையால் பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பாதையில் தாழ்ந்த காரைக் கொண்டுபோக வேண்டாம். பெற்றோல் 95 ஒக்டேன்தான் போடவேண்டும். 98க்காக அமைத்த எஞ்சின் என்றாலும் 95இல் தன்னைச் சரிசெய்து கொள்ளும், 92 வேண்டவே வேண்டாம். சட்டப்படி வெளிவீதிகளில் 70 கிலோமீற்றர் வேகம்தான். அதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்கு, கூரையைத் திறந்துவிட்டு விடியற்காலையில் நிலாவெளி வீதியில் மூன்றாம் கியரில் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

காத்திருக்க முடியாமல் வேறு காருக்குத் தாவுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் மஸ்டா ஆர்எக்ஸ்-8 பக்கம் போவார்கள். விலை குறைவு, 1,308 சிசி எஞ்சின், தோற்றமும் அழகு. மோசமான கார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் சுழல் எஞ்சின், சாதாரண அழுத்தமானியால் அதைச் சரியாகச் சோதிக்க முடியாது. அதற்கென்ற கருவியில் சதுர சென்டிமீற்றருக்கு 6.9 கிலோவுக்குக் கீழே காட்டினால் எஞ்சினைப் பிரித்துக் கட்ட வேண்டும். சூடான பிறகு நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள், தயங்கினால் வாங்காதீர்கள். பொக்ஸ்டர் கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தில் மட்டும் அதை வாங்கவேண்டாம். ஏக்கத்தில் வாங்கிய கார்களைத்தான் ஒரு வருடத்துக்குள் நட்டத்துக்கு விற்கிறார்கள்.

பொறுமை எல்லை மீறுவதும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பதில் எழுதியவனாக மாட்டேன். இந்தச் சிறிய சந்தையில் நிறம், இருக்கைத் தோலின் நிறம், சக்கர வடிவம் எல்லாம் மனதுக்குப் பிடித்தபடி அமைய வேண்டும் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். நிலைமை, ஆவணம், பராமரிப்பு வரலாறு ஆகிய மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்; மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுங்கள். சாம்பல் நிறத்தில் நல்ல கார் வந்தால் சிவப்புக்காக அதை விடவேண்டாம். அப்படிப்பட்ட கார் வந்தால் சில்லறைக்குப் பேரம் பேசி இழுத்தடிக்கவும் வேண்டாம். நல்லதை நல்ல விலைக்கு வாங்கியதற்காக வருந்தியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? விற்பவரை இன்றைக்கே அழையுங்கள். காரில் உண்மையான விருப்பம் இருக்கிறது, பணமும் இருக்கிறது, போர்ஷேக் கருவி உள்ள கராஜில் என் செலவில் அரைநாள் பரிசோதனை வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேட்க வேண்டும், ஆகவே நீங்கள் வருமுன் ஓட்டவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முற்பணம் கேட்டால், பரிசோதனையில் குறை தெரிந்தால் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகு ஒரு சிறு தொகை மட்டும் கொடுக்கலாம். மறுத்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள். கார் விற்றுப்போனால் போகட்டும். போகாவிட்டால் இன்னும் சில வாரங்களில் அவரே அழைப்பார், அப்போது விலையும் வேறாக இருக்கும். சம்மதித்தால் ஒயில் ஃபில்டரை வெட்டச் சொல்லி, மடிப்புகளை விரித்து வெயிலில் ஒரு படமும், கணினி காட்டும் மணித்தியாலத்தை ஒரு படமும், 2020க்குப் பிந்தைய ரசீதுகளை ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள். சொந்த விபரங்கள் தெரியாமல் மறைத்துவிடுங்கள். நான் பார்த்து அன்றைக்கே பதில் எழுதுகிறேன்.